பதினான்காம் தேதிக் கையெழுத்து

நான் ஒருவருடைய கையெழுத்தை பிளேடால் வெட்டி எடுத்து, அவர் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு தாளில் ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, அவர் பார்த்துச் சம்மதித்த தாள் என்று கொடுத்தேன். பிறகு அந்தக் கையெழுத்தின் கீழே இருந்த தேதியைப் படித்துச் சொல்லும்படி கேட்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். மாற்றிப் படித்தேன். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன். பசி இல்லை, நெருக்கடி இல்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் இதை எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு டுட்டோரியலில் பௌதிகம் நடத்தினேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குப் பாடம் சொல்வதில் ஒரு கேவலமான சுகம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவன் மட்டம் என்பதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடும். நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சுகத்தில் பத்து வருடம் ஊறினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து கம்ப்யூட்டர் சென்டர் வைத்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், சுவரில் ஏ.சி. வாசலில் 'செருப்பை வெளியே கழற்றவும்' என்று பலகை. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த அறையில் அதே மாதிரி மெஷின் ஒன்றின் மேல் என் டிபன்பாக்ஸை வைத்துத்தான் சாப்பிடுவேன். வருகிறவன் வாசலிலேயே குனிய வேண்டும், அதற்குத்தான் பலகை. ஆயுத பூசைக்கு மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவனும் இந்த பௌதிகக்காரன்தான்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், மில் லெட்டர்ஹெட். இவைதான் வேலை. தமிழ் எழுத்துக்கென்று அன்றைக்குக் கம்ப்யூட்டரில் முறையான ஏற்பாடு எதுவும் கிடையாது. இங்கிலீஷ் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களைக் குடியேற்றியிருப்பார்கள். 'கொ' என்று வர வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவோம். மெஷினைப் பொறுத்தவரை அது மூன்று இங்கிலீஷ் எழுத்து. நாங்கள் செய்தது எழுத்து வேலையே அல்ல. கட்டம் கட்டமாகப் படம் ஒட்டுவது. ஆனால் ஊரில் எங்களைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்றார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணி மில்லின் முதலாளி எனக்கு வேலை கொடுத்தார். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுகிறவர். புண்ணுக்குக் கட்டும் அவருடைய காஸ் துணி வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் அரபியில் லேபிள் வேண்டும். அதைப் பல வருடங்களாக மில் அலுவலகத்தில் இருந்த ஒருவர் கையால் எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தைச் சிவகாசியில் பிளாக் செய்து அச்சடித்தார்கள். ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வருவார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதில் பள்ளிவாசல் மதரசாவில் அரபு எழுத்து கற்றிருந்தார். பிறகு வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஆறு வருடம் பெட்டி தூக்கினார். எந்தப் பெட்டியில் என்ன என்று வாசித்து வாசித்தே ஆஸ்பத்திரிச் சொற்கள் அவருக்குப் பழகின. ஊர் திரும்பி இந்த மில்லில் துணி வெளுக்கும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். குளோரின் நெடி அவர் நெஞ்சைப் பிடித்தது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு வளைகுடா ஆர்டர் வந்தது. இவருக்கு அரபு தெரியும் என்று அறிந்து, தொட்டியிலிருந்து தூக்கி அலுவலகத்தில் ஒரு மேசை போட்டார். தொட்டிப் பக்கம் திரும்பிப் போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மில்லில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எல்லோரையும் போல 'பாய்' என்றேன். இங்கே அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு: அவரைக் கேட்காமல் இன்னொரு தாளிலும் அவர் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை.

கையெழுத்து லேபிள் பார்க்கப் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் என்று முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அரபு வருமா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு எல்லா மொழியும் ஒன்றுதான் என்றேன். மதுரையில் ஒருவனிடமிருந்து ஒரு ஃபிளாப்பியில் அரபு எழுத்துகளை வாங்கி வந்தேன். கூடவே ஒரு மங்கலான விசைப்பலகைப் படம். பாய் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து தேடிப் பிடித்து, இடமிருந்து வலமாகத் தட்டி, பிரிண்ட் எடுத்து மில்லுக்குக் கொண்டுபோனேன்.

பாய் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"சார், இது என்ன சார்?" என்றார்.

"நீங்க எழுதினதுதான். எழுத்து சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

"எழுத்து இருக்கு சார். வார்த்தை இல்ல. ஒண்ணோட ஒண்ணு சேராம தனித்தனியா நிக்கி. அதும் வாலு முன்னாடி வருது."

"பாய், கையால எழுதினா சேரும். அச்சுல சேராது. இங்கிலீஷ் புஸ்தகத்துல எழுத்தெல்லாம் சேந்தா இருக்கு?"

"குர்ஆனும் அச்சுலதான சார் வருது. அதுல சேந்துதான் இருக்கு."

"அது பழைய அச்சு. இது கம்ப்யூட்டர்."

அரபியில் ஒரு வரி படித்தறியாதவன் அந்த எழுத்தோடு வளர்ந்தவரிடம் இதைச் சொன்னேன். தனித்தனியாக நிற்கும் தமிழ் எழுத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, சேர்த்து எழுதுவது அவசரக்காரனின் கைப்பழக்கம் என்றுதான் தோன்றியது. முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். "சார், லேபிளைப் படிக்கப்போறது நீங்களா, அரபுக்காரனா? பாய் சொல்லுத மாதிரி செஞ்சிருங்க. பாய் பாத்துக் கையெழுத்துப் போடாம ஒரு தாள்கூட சிவகாசிக்குப் போகப்பிடாது" என்றார்.

அன்றிலிருந்து அது மில்லின் வழக்கமானது. கடைசிப் பிரதியின் ஓரத்தில் பாய் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியை அரபு எண்ணில் போடுவார். வளைகுடா ஸ்டோரில் வந்த பழக்கம்.

நான்கு மதியங்கள் அவர் என் மாடிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஃபிளாப்பியில் மற்ற உருவங்களும் இருந்தன. ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்கு இலக்கம் தட்டினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் அட்டவணை போட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு உருவம்: தனியாக நிற்கும்போது, சொல்லின் முதலில், நடுவில், கடைசியில். சில எழுத்துகளுக்கு இரண்டே உருவம். அவை பின்னால் வருகிற எழுத்துக்குக் கை கொடுப்பதில்லை என்றார். 'ஐன்' என்ற எழுத்து எனக்கு நினைவிருக்கிறது. தனியாக இருந்தால் வாயைத் திறந்துகொண்டு தொப்பையோடு நிற்கும். சொல்லின் நடுவில் வந்தால் சின்ன முடிச்சாகச் சுருங்கிவிடும். இரண்டும் ஒரே எழுத்து என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

"அப்ப ஐன் நாலு எழுத்து" என்று எழுதிக்கொண்டேன்.

"நாலு எழுத்து இல்ல சார், ஒண்ணுதான். பக்கத்துல யாரு இருக்காகன்னு பாத்து உருவம் மாறுது. நீங்க வீட்ல பனியனோட இருக்கீக. கல்யாணத்துக்குச் சட்டை போடுதீக. அதுக்காவ ரெண்டு ஆளா நீங்க?"

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது பாய். அதுக்கு உருவம்தான். நாலு உருவம்னா நாலு நம்பர்."

"அப்ப அதுக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொல்லுங்க."

நான் சிரித்தேன். ஒன்பதாம் வகுப்பு எனக்கு விளக்கம் சொல்கிறதே என்ற சிரிப்பு. ஆனால் அவர் சொன்னபடியே செய்தேன். வலமிருந்து இடம் போகத் தெரியாத அந்த மென்பொருளில் சொல்லை வாலிலிருந்து தலைக்குத் தட்டினேன். கடைசி எழுத்தின் கடைசி உருவம் முதலில், முதல் எழுத்தின் முதல் உருவம் கடைசியில். பிரிண்டில் பார்த்தால் அரபு. மெஷினுக்குள்ளே தலைகீழாகக் கிடந்த குப்பை. பாய் பார்த்தார், திருப்தியோடு கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். பதினான்காம் தேதி. அந்த எண்களையும் அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்தியாவிலிருந்து அரபு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த எண்கள்தானே என்று பத்தையும் பத்து நிமிடத்தில் படித்துக்கொண்டேன். நான்கு என்பது வலது பக்கம் வாய் திறந்த ஒரு நெளிவு. எட்டு என்பது கூரை மாதிரி இருக்கும். இவை இரண்டையும் மாற்றிப் படிக்க ஒரு குருடனாலும் முடியாது.

அன்று முதலாளி வேலையாட்கள் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார். "என்ன சார், எம்மெஸ்ஸிக்கு ஒம்பதாங்கிளாஸ் வாத்தியாரா?" எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "சாருக்கு மெஷின் தெரியும், எனக்கு எழுத்துத் தெரியும், அம்புட்டுத்தான் முதலாளி" என்றார். அவர் என்னைக் காப்பாற்றியதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை. முதலாளி பெட்டியின் அளவை மாற்றிவிட்டார். புதுப் பெட்டி ஒடுக்கம். லேபிளையும் ஒடுக்கித் தர வேண்டும். சிவகாசிக்குப் போகும் வேன் மறுநாள், பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஒன்றரை மணிக்கு. அன்று பன்னிரண்டரைக்குத்தான் நான் லேபிளில் இருந்த ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் குறைத்தேன். அதில் பெரிய எழுத்தில் இரண்டு அரபுச் சொற்கள் இருந்த கட்டம் ஒன்று. முதல் சொல் 'இல்லை' என்று பொருள்படும் 'கைர்'. இரண்டாவது 'கிருமி நீக்கியது'. இரண்டும் சேர்ந்து, இந்தத் துணி கிருமி நீக்கப்படாதது, ஆஸ்பத்திரியில் அவித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும். அந்தக் கட்டத்தைக் குறைத்தபோது சொற்கள் ஒரு வரியில் அடங்கவில்லை. மென்பொருள், அதற்குத் தெரிந்த இங்கிலீஷ் புத்திப்படி, இடப்பக்கம் இருந்ததை முதல் வரியில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் இருந்ததைக் கீழே தள்ளியது. அரபியில் வலப்பக்கம் இருப்பதுதான் முதல் சொல். கட்டத்தின் உயரம் ஒரு வரிக்குத்தான். கீழே தள்ளப்பட்ட 'இல்லை' கட்டத்துக்குள் மறைந்தது. கட்டத்தின் அடியில் சின்னதாக ஒரு முக்கோணம் தெரிந்தது. உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது, இடம் போதவில்லை என்பதற்கு அந்த மென்பொருள் காட்டும் அடையாளம். அதைப் பார்த்தேன். வெற்றிடமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மில்லுக்குப் போனால் பாய் மேசையில் இல்லை. ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டரைக்கு வந்துவிடுவார் என்று வாட்ச்மேன் சொன்னான். வேன் டிரைவரிடம் சொன்னால் நின்றிருப்பான். தொழப் போன ஆளுக்காக நான் காத்துக்கொண்டு, அவர் வந்து மறுபடி என் வேலையில் குறை சொல்லி, நான் மறுபடி மாடி ஏறுவதா என்று தோன்றியது. சென்டருக்குத் திரும்பினேன். பதினான்காம் தேதிப் பிரதியின் ஓரத்திலிருந்து கையெழுத்தையும் தேதியையும் சேர்த்து பிளேடால் வெட்டினேன். புதுத் தாளில் பசை தொட்டு ஒட்டினேன். விளிம்பு தெரியாமல் இருக்க ஜெராக்ஸ் எடுத்தேன். எங்கள் தொழிலில் இது அன்றாட வேலை. கோவில் கும்பாபிஷேக நோட்டீஸில் யானைப் படம் ஒட்டுகிற அதே கை. வேன் ஒன்றரைக்குப் போயிற்று.

அச்சாகி, துணி ஏறி, கப்பல் போய், இரண்டு மாதம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. பெட்டியில் கிருமி நீக்கியது என்று போட்டிருக்கிறது, சரக்கு அப்படி இல்லை, துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டோம் என்று. நல்ல வேளையாக எந்தப் புண்ணிலும் அந்தத் துணி படவில்லை. அது என் புண்ணியம் அல்ல. அங்கே பெட்டியை வாசித்து, உள்ளே இருந்ததையும் பார்த்த யாரோ ஒரு மனிதரின் வேலை.

முதலாளி அறையில் மூன்று பேர். மேசையில் அந்த ஜெராக்ஸ். முதலாளி கேட்டார்: "பாய், இது உம்ம கையெழுத்துத்தான?"

"எங்கையெழுத்துதான் முதலாளி. ஆனா இந்தத் தாளை நான் பாத்ததே இல்ல. கீழ தேதியைப் பாருங்க. பதினாலு. புதுப் பெட்டி வந்ததே பதினேழுக்குத்தான? வராத பெட்டிக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

முதலாளி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "எனக்கு ஒரு கோடும் ஒரு கொக்கியுமா தெரியுது. சார், நீங்க படிச்சவுக. இது எம்புட்டு?"

பாய் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. எனக்கு அந்த எண்கள் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், அவர்தானே சொல்லிக்கொடுத்தார்.

"பதினெட்டு" என்றேன்.

"சார், செத்த நல்லாப் பாருங்க."

"பதினெட்டுதான்."

"முதலாளி, பள்ளிவாசல்ல ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் இருக்காக. அவிய கிட்டக் காட்டுங்க" என்றார் பாய்.

"உங்க ஆளு உமக்குத்தானவே சொல்லுவாரு" என்றார் முதலாளி.

பாய் தாளை வாங்கி என் முன்னால் வைத்தார். பிறகு என்னிடம், "நீங்க படிச்சவுக சார். நீங்க சொன்னா பதினெட்டாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அவரைத் தொட்டிக்கு அனுப்பினார்கள். அலுவலக மேசை பேக்கிங் அறைக்குப் போயிற்று; அதன் மேல் பசை வாளி வைத்தார்கள். அரபு பாய்க்கு அரபு தெரியாது என்று பேக்கிங் அறையில் ஒரு கேலி கிளம்பியதாகக் கேள்விப்பட்டேன். வளைகுடா லேபிள் வேலை முழுவதும் எனக்கு வந்தது. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ லேபிள் செய்தேன், ஒன்றிலும் தவறு வரவில்லை. ஏனென்றால் மானிட்டருக்கு மேலே சுவரில் பாய் எழுதிய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன். அவரைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு அவர் கையெழுத்தை வைத்துப் பிழைத்தேன். மெஷின் செய்த தவறுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் பாய் மூச்சு முட்டி வேலையை விட்டார்.

மனசாட்சி என்னை எழுப்பியது என்று எழுத ஆசை. அது பொய். தொண்ணூறுகளின் கடைசியில் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போனவன், அங்கே நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்தேன். உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுத்த பட்டியல். யூனிகோடு என்ற பெயரை அப்போதுதான் சரியாகக் கேட்கிறேன். அரபுப் பக்கத்தைப் புரட்டினேன். ஐன் என்ற எழுத்துக்கு ஓர் எண். 0639. ஒன்றே ஒன்று. நான்கு உருவத்துக்கும் அதுதான். தலையில் புள்ளி வைத்தால் வருகிற எழுத்துக்கு, 'இல்லை' என்ற அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு, அதற்கடுத்த எண். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து உருவத்தைத் தேர்ந்தெடுப்பது மெஷினின் வேலை என்று போட்டிருந்தது. வாசிக்கிற வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிக்க வேண்டும், வலமா இடமா என்பது காட்டும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது என்றும் போட்டிருந்தது. அப்படிச் சேமித்த சொல்லை எவ்வளவு ஒடுக்கினாலும் 'இல்லை' முதல் வரியில்தான் நிற்கும். தமிழ்ப் பக்கத்தையும் பார்த்தேன். அங்கேயும் 'க' முதலில். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னால். தாய்மொழியைக்கூட நான் அதுவரை படமாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புத்தகத்தின் பின்பகுதியில் அரபு எழுத்துகளின் நான்கு உருவங்களுக்கும் தனித்தனி எண் கொடுத்து ஒரு பட்டியல் இருந்தது. பழைய முறையில் செய்துவைத்த கோப்புகளுக்காக மட்டும், புதிதாக யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று. என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்கச் செய்து வைத்த அசிங்கத்துக்கு அவ்வளவு பெரிய புத்தகத்திலும் ஒரு மூலை ஒதுக்க வேண்டியிருந்திருக்கிறது.

பனியன், சட்டை என்று பாய் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதைத்தான் பல நாட்டு நிபுணர்கள் கூடி அச்சில் போட்டிருந்தார்கள். அவர் சொன்னபோது சிரித்தவன், அச்சில் பார்த்ததும் நம்பினேன். மனிதன் சொன்னால் நம்பாமல் புத்தகம் சொன்னால் நம்புகிற ஜாதி நான். அந்த நூலக மேசையில்தான் பதினான்கு என்ற எண் ஒரு கோடும் நெளிவுமாகக் கண் முன்னால் வந்தது. பிறகு போகவில்லை.

மில் முதலாளியிடம் போனேன். பழைய ஃபிளாப்பியைக் கொண்டுபோய் அவர் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே போட்டு, கட்டத்தை ஒடுக்கிக் காட்டினேன். சொல் கீழே விழுந்து மறைவதைக் காட்டினேன். கையெழுத்தை ஒட்டியதைச் சொன்னேன்.

"அப்ப அந்தத் தேதி?" என்றார்.

"பதினாலு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "படிச்சவரு சொல்லுதாருன்னுதானய்யா நம்புனேன்" என்றார். 'சார்' போயிருந்தது. பிறகு, "இப்ப அரபு லேபிளெல்லாம் சரக்கு வாங்குறவனே அங்க இருந்து அனுப்பிருதான். பாயை வரச் சொல்லும். ஆபீஸ்ல ஒரு சேர் போடுதேன்" என்றார். தவறு சரியாகிவிட்டது போல கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் ஒரு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவனைப் போலத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நூல், பட்டன், ஊக்கு விற்கிற கடை வைத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பேச்சுக்கு நடுவே மூச்சுக்கு நிறுத்தினார். கடைக்குள் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன்.

"இவியதானா அந்தக் கம்ப்யூட்டர் சார்?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "செருப்பைக் கழட்டாதீக. இது பட்டன் கடைதான். ஒண்ணும் கெட்டுப்போகாது."

எல்லாவற்றையும் சொன்னேன். பாய் பட்டன் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன்.

"சேர் எதுக்கு சார்? அந்தக் கேட்டுக்குள்ள போனாலே நெடி வரும். எனக்கு ஆகாது" என்றார். எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். அந்த ஜெராக்ஸ். அன்றைக்கே மில் அலுவலகத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"படிங்க சார்" என்றார்.

"பதினாலு."

"இங்க படிச்சு என்ன சார் செய்ய? எங்க வீட்டம்மாவுக்கு அன்னைக்கே படிக்கத் தெரியும். பேக்கிங்ல வந்து படிங்க. நாப்பது பேரு இருந்தாக. அம்புட்டுப் பேரும் எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொன்னாக. அவுக முன்னால படிங்க."

முதலாளி மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். வேலை நிற்கக் கூடாது என்றார். பாய் பஸ்ஸில் வந்தார். கேட்டுக்குள் வந்து, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு பேக்கிங் அறை வாசலிலேயே நின்றார். நான் உள்ளே போய் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அறையில் பாதிக்கு மேல் புது முகங்கள். தூக்குச்சட்டியைத் திறந்தபடி வேடிக்கை பார்த்தார்கள். "யாருலே அந்த பாய்?" என்று ஒருவன் அடுத்தவனிடம் கேட்டான். பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அவர்களில் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற ஒரு வயதான அம்மா எழுந்தார்.

"அது பதினாலுன்னு இப்பத் தெரியுதுல்ல. அன்னைக்கு ஏன் சொல்லலை?" என்று என்னைக் கேட்டார்.

நான் தாளைக் கீழே இறக்கினேன்.

வாசலிலிருந்து பாய் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "விடு ஆத்தா. அன்னைக்கு அவுகளுக்குப் படிக்கத் தெரியல."

பழைய ஆட்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்துப் புதியவர்களும் சிரித்தார்கள். கேலி இடம் மாறியது. அந்த அம்மா வாசலுக்குப் போய்ப் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். நான் தாளோடு நடுவில் நின்றேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரோடு நடந்தேன். காலண்டர் தாளை எடுத்து வந்திருந்தேன். திருப்பிக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"நாலு நாலா எழுதியிருக்கேன் பாருங்க. நீங்க கேட்டீகன்னு எழுதுனது. இது எனக்கு எதுக்கு?" என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மில்லிலிருந்து எனக்கு வேலை வரவில்லை. மற்ற மில்களும் ஒவ்வொன்றாக நின்றன. அது நியாயம்தான். பாய் அலுவலக நாற்காலிக்கு வரவே இல்லை. அவர் நெஞ்சு சரியாகவும் இல்லை. நான் எத்தனை முறை எத்தனை பேர் முன்னால் படித்தாலும் அது சரியாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது அந்தக் கடையில் நூல் வாங்குவேன். எல்லோருக்கும் கொடுப்பது போலக் கொடுப்பார்.

பேக்கிங் அறையில் படித்த அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தபோது அவர் ஏறினார். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவனிடம்கூட 'வாரேன்' என்று சொல்லாமல் யாரும் போக மாட்டார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, முன்பக்கம் பார்த்தார். சொல்லவில்லை. பஸ் போயிற்று.